பேச்சு வராத இளம்பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி: வீட்டாருக்கும் புதிதாகக் கைகொடுக்க வருபவருக்கும்

இந்தக் கட்டுரை இரண்டு தரப்பினருக்கு. ஆட்டிசம் உள்ள, வாயால் பேசாத பதினைந்து, பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் ஒரு தரப்பு. அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் துணையாக வருகிறேன் என்று முன்வந்திருக்கும் மாமா, பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி மாணவர், தெருமுனைக் கடைக்காரர் இன்னொரு தரப்பு. என் அக்கா மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. அவனுக்குச் சித்தியாகவும், அவன் வழியாகப் பழக்கமான சில மதுரைக் குடும்பங்களுக்குத் தோழியாகவும் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரோ மூவரில் ஒருவரோ பேச்சே இல்லாமல், அல்லது ஓரிரு சொற்களோடு மட்டும் வளர்கிறார்கள். சின்ன வயதில் எல்லார் கவனமும் "எப்போ பேசுவான்?" என்பதிலேயே இருக்கும். பதின்வயது வந்ததும் தெரபி குறையும், பல வீடுகளில் பள்ளிக்கூடமும் நின்றுவிடும், வந்துபோன ஆட்கள் வருவதை நிறுத்துவார்கள். பிள்ளையோ தோளுக்கு மேல் வளர்ந்து நிற்பான். மனிதர்கள் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அவன் அதிகம் தனித்துப் போகிறான்.

இதில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். அவன் அப்படிச் சொன்னால் அது நடக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை நோக்கித்தான் போகின்றன.

1. அவனைப் பற்றிப் பேசாதீர்கள், அவனிடம் பேசுங்கள்

அமெரிக்கச் சிறப்புக் கல்வி ஆய்வாளர் ஆன் டானலன் 1984-ல் ஒரு அளவுகோலை முன்வைத்தார். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, நம் ஊகம் தப்பாகிப் போனாலும் அவனுக்குக் குறைந்த கெடுதலே விளைவிக்கும் ஊகம் எதுவோ அதை வைத்து நடக்க வேண்டும். புரியும் என்று நினைத்துப் பேசி, புரியாமல் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. புரியாது என்று நினைத்து, அவன் எதிரிலேயே "எங்களுக்கு அப்புறம் இவன் கதி என்னன்னு நினைச்சாலே தூக்கம் வரல" என்று பேசி, அது அவனுக்குப் புரிந்துவிட்டால்?

புதிதாக வருபவர் முதல் நாளே செய்ய வேண்டியது சுலபம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் யார், இன்று எவ்வளவு நேரம் இருப்பீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவனிடமே சொல்லுங்கள். பதினேழு வயதுப் பையனிடம் மூன்று வயதுக் குழந்தையிடம் கொஞ்சும் குரல் வேண்டாம். "என்னப் பாரு, கண்ணப் பாரு" என்று வற்புறுத்தவும் வேண்டாம். பலருக்குக் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்பது சிரமம், வேறெங்கோ பார்த்தபடி நன்றாகக் கேட்பார்கள்.

உறவினர் வந்து "இன்னும் பேசலியா?" என்று கேட்கும்போது எங்கள் வீட்டில் அக்கா ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்: "அவன் போர்டுல பேசுறான் அத்தை, நீங்களே கேட்டுப் பாருங்க." (போர்டு என்றால் அவன் தொட்டுக் காட்டிப் பேசும் படத்தாள், மூன்றாம் படியில் வரும்.) கேள்வியும் பதிலும் அவன் பக்கம் திரும்பிவிடும்.

2. ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

எதையும் கற்றுக்கொடுக்கத் தொடங்கும் முன், அவன் ஏற்கெனவே எப்படியெல்லாம் சொல்கிறான் என்று பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன செய்தான், அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள், அது சரியாக இருந்ததா. செருப்பை எடுத்து வந்து மடியில் வைப்பது, தட்டைத் தள்ளுவது, கையைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு இழுத்துப் போவது, ஒரே ராகத்தில் முனகுவது, விரலைக் கடிப்பது என்று எல்லாமே செய்திதான். அம்மாவுக்குத் தெரிந்த அர்த்தம் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கும், பாட்டிக்குத் தெரிந்தது இரண்டு பேருக்குமே தெரியாமல் இருக்கும். நோட்டை எல்லாரும் எழுதினால் இது வெளிவரும்.

கேட்புத் திறன் பரிசோதனை செய்து பல வருடம் ஆகியிருந்தால் இந்த வாரத்திலேயே மறுபடி செய்துவிடுங்கள்.

3. ஒரு போர்டு தயார் செய்யுங்கள்

பெரிய செலவு எதுவும் இல்லாமல் தொடங்கலாம். ஒரு ஏ4 தாளில் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே சொல். படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கான குறியீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். பளபளப்பு இல்லாத ஷீட் கிடைத்தால் நல்லது, டியூப் லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் பல பிள்ளைகள் போர்டைப் பார்க்கவே மாட்டார்கள்.

என்ன சொற்களை வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் வழி மாறிப் போகிறார்கள். இட்லி, தோசை, பிஸ்கட், தண்ணீர், டிவி என்று பொருள்களாகவே நிரப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட போர்டில் அவனால் கேட்கத்தான் முடியும், வேறு எதையும் சொல்ல முடியாது. எங்கள் முதல் போர்டில் இருந்தவை இவை:

வேணும், வேணாம், இன்னும், போதும், உதவி, நிறுத்து, போலாம், வலிக்குது, பிடிச்சிருக்கு, பிடிக்கல, பாத்ரூம், வேற ஏதோ சொல்லணும்.

கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். போர்டில் இல்லாத ஒன்று அவன் மனதில் இருக்கும்போது, "இதுல இல்ல" என்று சொல்லவாவது அது உதவும். அதைத் தொட்டால் நீங்கள் தேடத் தொடங்கலாம்: ஆளா, இடமா, உடம்பிலா, நேற்று நடந்ததா?

சொற்களை வீட்டில் பேசுகிற வடிவத்திலேயே எழுதுங்கள், அவன் காதில் விழுவது அதுதான். கட்டங்களின் இடத்தை மாற்றாதீர்கள். கை இடத்தைத்தான் முதலில் பழகும். பின்னால் சொற்கள் கூடும்போது பழையவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒரே போர்டு பத்தாது. அடுக்களையில் ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று, பையில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று.

படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஜெல்லோ இலவசமாகக் கிடைக்கிறது. டேப்லெட் வாங்கினால் அதில் யூடியூப் வேண்டாம். பொழுதுபோக்குக்கு வேறு கருவி, பேச்சுக்கு வேறு கருவி. ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங், ஐபேடில் கைடட் ஆக்சஸ் என்ற வசதிகளால் செயலியை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று போர்டையோ டேப்லெட்டையோ ஒருபோதும் பிடுங்கி வைக்காதீர்கள். சார்ஜ் தீரும், திரை உடையும், ஆகவே தாள் போர்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

"படத்தைக் காட்டிப் பழகிட்டா வாயால பேசவே மாட்டானே?" என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். 2006-ல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பில், பேச்சுக்கு மாற்று வழி பழகிய, முறையாகப் பதிவு செய்யப்பட்ட, வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் விவரங்களை அலசினார்கள். ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது.

அப்புறம் எழுத்து. பேச்சு இல்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் போர்டில் இல்லாத எந்தச் சொல்லையும் அவனே உண்டாக்கிக்கொள்ளலாம். கடைப் பெயர்ப்பலகை, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர், பால் பாக்கெட் என்று அவன் கண் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

4. நீங்கள் தொட்டுப் பேசுங்கள், அப்புறம் சும்மா இருங்கள்

போர்டைக் கையில் கொடுத்துவிட்டு "எங்க, தண்ணி காட்டு" என்று பரீட்சை வைப்பது போர்டை வெறுக்க வைக்கும் நேர்வழி. கைக்குழந்தை ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. போர்டும் அப்படித்தான், அதில் நாம் பேசுவதை அவன் நிறையப் பார்க்க வேண்டும். சோறு போடும்போது "இன்னும் வேணுமா?" என்று சொல்லிக்கொண்டே 'இன்னும்' கட்டத்தை உங்கள் விரலால் தொடுங்கள். மிக்ஸி சத்தம் உங்களுக்கே தொந்தரவாக இருந்தால் "எனக்கு இது பிடிக்கல" என்று தொட்டுச் சொல்லுங்கள். கிளம்பும்போது 'போலாம்'. எல்லாச் சொல்லையும் தொட வேண்டியதில்லை, வாக்கியத்தில் முக்கியமான ஒன்றிரண்டு போதும். அவன் திருப்பித் தொட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். அது சாதாரணம்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். நம் ஊரில் இது கஷ்டம். அவன் கை எழும்புவதற்குள் அம்மா பதில் சொல்லியிருப்பார், அண்ணன் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டிருப்பார், பாட்டி தட்டையே கொண்டு வந்திருப்பார். புதிதாக ஒரு வாக்கியம் வந்து விழும்போதெல்லாம் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பலருக்குக் கேட்டது புரிந்திருக்கும், ஆனால் உடம்பைக் கிளப்ப நேரம் பிடிக்கும். கையை நீட்ட நினைத்த இடம் ஒன்று, கை போய்ச் சேர்ந்த இடம் வேறு என்றும் ஆகும்.

அதனால்தான் ஒரே பதிலை வைத்து முடிவு கட்டக் கூடாது. இரண்டு பொருளைக் காட்டிக் கேட்டால் எப்போதும் வலது பக்கத்தையே தொடுகிறானா, கடைசியாகச் சொன்னதையே தொடுகிறானா என்று பாருங்கள். இடம் மாற்றி, வரிசை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள். "டீயா, பாலா?" என்று கேட்கும்போது மூன்றாவதாக 'ரெண்டும் வேணாம்' கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத கேள்வியில் அவனுக்குத் தேர்வு கிடைத்தது போலத் தெரியும், உண்மையில் கிடைக்கவில்லை.

5. "வேணாம்" என்றால் நிறுத்துங்கள்

இந்தப் படியில்தான் வீட்டாருக்கும் துணை வருபவருக்கும் அதிகம் பழக்கம் வேண்டும். வேண்டும் என்பதைச் சொல்லக் கற்றுக்கொடுக்க எல்லாருக்கும் ஆசை. சாக்லேட் படத்தைத் தொட்டால் சாக்லேட் வரும், எல்லாரும் கைதட்டுவார்கள். 'வேணாம்' தொட்டால்? "இன்னும் ரெண்டே வாய்", "இந்த ஒரு கணக்கு மட்டும்", "சும்மா விளையாட்டுக்குத் தொடுறான்." பத்து முறை தொட்டும் நிற்காத ஒன்றை, கடித்த உடனே நிறுத்தினால், கடிப்பதுதான் வேலை செய்யும் சொல் என்று அவன் கற்றுக்கொள்வான். நாம்தான் கற்றுக்கொடுத்திருப்போம்.

தொடக்கத்தில் அவன் 'வேணாம்' அல்லது 'போதும்' தொட்ட ஒவ்வொரு முறையும் உடனே நிறுத்துங்கள். "சரி, போதும்னு சொன்ன, நிறுத்திட்டேன்" என்று வாயாலும் சொல்லுங்கள். சில நாள் அவன் எதற்கெடுத்தாலும் அதையே தொடுவான். விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே பலம் இருக்கிறதா என்று பார்க்கிறான். இருக்கிறது என்று தெரிந்தபின் குறைந்துவிடும்.

நிறுத்தவே முடியாதவையும் உண்டு. வலிப்பு மாத்திரை, ரோட்டைக் கடக்கும்போது கைப்பிடி, பல் டாக்டர். அங்கே போய் 'வேணுமா வேணாமா' என்று கேட்காதீர்கள். கேட்டுவிட்டு மீறுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம். "மாத்திரை போடணும். தண்ணியோடயா, மோரோடயா?" என்று அவனால் முடிவு செய்யக்கூடிய பகுதியை அவனுக்குக் கொடுங்கள். அவன் 'பிடிக்கல' தொட்டால் "ஆமா, கசக்கும், தெரியும்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அவன் சொன்னது காதில் விழுந்தது என்றாவது தெரியட்டும்.

பெரியவர்களுக்கு இது உறுத்தும். எங்கள் வீட்டிலும் பாட்டிக்கு உறுத்தியது. பதினேழு வயதுப் பையன் பாட்டி ஊட்ட வந்த கையைத் தடுத்து 'போதும்' தொட்டால், அவருக்கு அது மரியாதைக் குறைவாகத்தான் தெரிந்தது. பாட்டியிடம் போர்டைக் கொடுத்து, ஒருநாள் முழுக்க அவன் தொட்டதை எங்களுக்குச் சொல்லும் பொறுப்பை அவருக்கே கொடுத்தோம். சாயங்காலம் அப்பாவிடம் "அவன் போதும்னு சொல்லிட்டான், நீ ஏன் மறுபடி போடுற?" என்று சண்டை பிடித்தது பாட்டிதான்.

6. ஒரு பக்கத் தாள்

புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொல்ல அம்மாவுக்குத் தெம்பு இருக்காது. ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். அவன் சொல்வதுபோல எழுதினால் படிப்பவர் மனதில் அவன் நிற்பான். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டி, 'பிடிக்கல' தொட்ட வரியை எடுத்துவிடுங்கள். எங்கள் தாளில் இப்படி இருக்கிறது:

"எனக்கு நீங்கள் பேசுவது கேட்கிறது. மெதுவாக ஒரு தடவை சொல்லுங்கள், பத்து எண்ணும்வரை காத்திருங்கள். ஆமாம் என்றால் போர்டைத் தொடுவேன், சில நேரம் உங்கள் முழங்கையைத் தொடுவேன். வேண்டாம் என்றால் போர்டைத் தொடுவேன், முடியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கையை உதறுவது சந்தோஷத்துக்கு, தடுக்க வேண்டாம். இடது காதைத் தட்டினால் வலிக்கிறது. குக்கர் விசில், ஹாரன், பலூன் வெடிப்பது தாங்க முடியாது. பின்னாலிருந்து தொடாதீர்கள்."

கீழே மருந்துகள், ஒவ்வாமை, இரண்டு போன் எண்கள். அவ்வளவுதான்.

7. துணை வருபவர் என்ன செய்ய வேண்டும்

தெரபி நடத்த வேண்டாம். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவனோடு சேர்ந்து உண்மையான ஒரு காரியத்தைச் செய்யும் ஆளாக இருங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்றாலும் ஒரே நாள், ஒரே நேரம், தவறாமல். வர முடியாவிட்டால் முன்கூட்டியே அவனிடம் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் சாமி படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், கடையை ஒட்டி நின்று கண்ணாடி வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவனை உள்ளே கூப்பிட்டார். அங்கிருந்து வந்ததுதான் எல்லாம். மேஜை ஓரத்தில் எட்டு கட்டமுள்ள சின்ன போர்டு ஒன்றை அவரே ஒட்டினார்: துடை, ஒட்டு, எண்ணு, தண்ணி, உதவி, சத்தம், போதும், வீட்டுக்கு. வேலை தொடங்கும் முன் "தம்பி, துடைக்கலாமா, ஆணி எண்ணலாமா?" என்று இரண்டையும் தொட்டுக் கேட்பார். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். அந்த அவசரமின்மை அவனுக்கு வசதியாக இருந்தது. ஒருநாள் முருகன் படத்துக்குப் பின்னட்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது மூன்று பக்கம் டேப் ஒட்டியாயிற்று, நான்காவது பக்கம் பாக்கி. அவன் 'போதும்' தொட்டான். அண்ணன் டேப்பை வாங்கிக்கொண்டு "சரிப்பா" என்று மீதியைத் தான் ஒட்டினார். அடுத்த வாரமும் அவன் போனான், அதற்கடுத்த வாரமும் போனான்.

அவனுக்கு எதில் கண் போகிறது என்று பார்த்து ஆளைத் தேடுங்கள். பூக்கட்டுவது, சைக்கிள் கடை, நர்சரித் தோட்டம், துணி மடிப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என எதுவாகவும் இருக்கலாம். செய்ததற்குக் காசு கொடுக்கும் இடமென்றால் காசை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது: முதல் சில முறை கூட இருந்து, போர்டை நீங்கள் எப்படித் தொட்டுப் பேசுகிறீர்கள் என்று காட்டிவிட்டு, அப்புறம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அண்ணன் தங்கைகளைத் தெரபிஸ்ட் ஆக்கிவிடாதீர்கள். அவர்கள் சண்டை போடவும் சேர்ந்து கேரம் ஆடவும் விடுங்கள்.

கல்யாண வீடுகளுக்கும் அழைத்துப் போங்கள். மண்டபத்துக்குச் சீக்கிரம் போய் இடத்தைக் காட்டிவிடுங்கள். வாசல் பக்கம் நாற்காலி, காதுக்கு மஃப், கெட்டிமேளத்துக்கு முன் வெளியே கூட்டிப்போக ஒரு ஆள். 'போலாம்' தொட்டால் பந்திக்குக் காத்திருக்காமல் கிளம்ப வண்டிச் சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

8. நடத்தை மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறான், தூங்கவில்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறான் என்றால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடக் கூடாது. சொத்தைப்பல், மலச்சிக்கல், காதுச் சீழ், வயிற்று எரிச்சல், ஒற்றைத் தலைவலி, பெண்பிள்ளை என்றால் மாதவிலக்கு வலி. இந்த வரிசையில் பார்த்துவிட்டு அப்புறம் மனநல மருத்துவரிடம் போங்கள். உடம்பின் படம் ஒன்றை வரைந்து போர்டோடு வையுங்கள், வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டப் பழகட்டும். வலி இல்லாத நாளிலும் உங்கள் முழங்கால் வலியை அதில் காட்டிப் பேசினால்தான் பழகுவான்.

பதின்வயதில் முதன்முறையாக வலிப்பு வருவது ஆட்டிசத்தில் அரிதல்ல. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இன்னொன்று: நடந்துகொண்டிருந்தவன் நடுவில் உறைந்து நிற்பது, ஒரு கவளம் எடுக்கவே பல நிமிடம் ஆவது, செய்துகொண்டிருந்த வேலைகளையெல்லாம் விட்டுவிடுவது. இது சோம்பல் அல்ல. கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, ஆகவே தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கத்தி அழுது நிலைகுலையும் நேரத்தில் சொற்களைக் குறையுங்கள். விளக்கை, டிவியை அணையுங்கள், கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், தலை மோதும் இடத்தில் தலையணை வையுங்கள். யாரும் வீடியோ எடுக்க விடாதீர்கள்.

9. பாதுகாப்பு

சொல்ல முடியாத பிள்ளை என்று தெரிந்தே தொந்தரவு செய்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்தரங்க உறுப்புகளின் சொற்களும், 'தொடாதே', 'பயமா இருக்கு', 'அம்மாகிட்ட சொல்லணும்' என்பவையும் போர்டில் இருந்தே ஆக வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் நடந்ததைச் சொல்ல அவனுக்கு வழியே இல்லாமல் போகும். துணை வருபவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், சந்திப்பு மற்றவர் கண்ணில் படும் இடத்தில் நடக்கட்டும். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் அவர் வேலையல்ல. வீட்டிலும் கதவைத் தட்டி உள்ளே போவது, கதவை மூடி உடை மாற்றுவது என்று பழக்குங்கள். ஐந்தாம் படி இங்கேதான் உயிர்காக்கும். ஊட்டும்போதும் முடி சீவும்போதும் 'வேணாம்' மதிக்கப்பட்ட பிள்ளைதான் தப்பான தொடுகைக்கு எதிராகவும் அதைச் சொல்வான்.

பதினெட்டுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, வாக்குமூலம் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியரின் அல்லது பிள்ளையின் தொடர்பு முறையை அறிந்தவரின் உதவியைப் பெற இடமுண்டு. "பேச வராது, என்ன எழுதுறது?" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள், போர்டைக் காட்டுங்கள்.

வீட்டை விட்டுச் சொல்லாமல் போகும் பழக்கம் இருந்தால் சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். தெருவில் நாலு கடைக்காரருக்கு முகம் தெரிந்திருக்கட்டும். அருகில் கிணறு, கண்மாய், வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், காணாமல் போனால் முதலில் ஓட வேண்டியது அங்கேதான். நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

10. பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியவை

ஸ்டெம்செல் ஊசியை ஆட்டிசத்துக்கு வழக்கமான சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்கவில்லை. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று தரும் மருந்துகள் ஆபத்தானவை.

இன்னொன்றை மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன். உதவியாளர் கையையோ முழங்கையையோ பிடித்துக்கொள்ள, அல்லது எழுத்துப் பலகையை உதவியாளரே ஏந்திப் பிடிக்க, பிள்ளை நீண்ட வாக்கியங்களை எழுதுவதாகச் சொல்லும் முறைகள் இருக்கின்றன. 1990-களில் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், கையைப் பிடித்து எழுதியவை உதவியாளருக்குத் தெரிந்தவையாகவே இருந்தன. அவர்களே அறியாமல் அவர்கள் கை நகர்ந்திருந்தது. அமெரிக்கப் பேச்சு, கேட்பு வல்லுநர் சங்கம் 2018-ல் இந்த முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது. பிள்ளைக்குள் எண்ணங்கள் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் எண்ணத்தின் இடத்தில் இன்னொருவர் எண்ணம் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை. மேஜையில் நிற்கும் போர்டு, யாரும் தொடாத அவன் கை, கண்பார்வையால் இயங்கும் கருவி என்று அவனே செய்யும் வழிக்குப் பாடுபடுங்கள். ஒரு சொல்தான் வருகிறது என்றாலும் அது அவனுடையது.

11. காகித வேலை

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நாடு முழுவதும் செல்லும் யு.டி.ஐ.டி. அட்டையும். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவக் குழு முன் போக வேண்டும். ஆட்டிசத்தை இசா என்ற இந்திய அளவுகோலால் மதிப்பிடுவார்கள். நாற்பது கேள்விகள், மதிப்பெண் 70-லிருந்து லேசான நிலை, 107-லிருந்து நடுத்தரம், 153-க்கு மேல் கடுமை. நோட்டில் எழுதிவைத்த உதாரணங்களைக் கொண்டுபோனால் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும். மற்ற உதவிகளுக்கு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் உண்டு. பெரிய மதிப்பீடுகளுக்கு சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட்), மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அதில் உரிமை. ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகளுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது.

பதினெட்டு முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். எதற்குக் காப்பாளர் தேவை என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள். சொத்து விற்பனைக்கா, வங்கிக்கா, அறுவை சிகிச்சை ஒப்புதலுக்கா? 2016 சட்டத்தில் அவனோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. முடிகிற வீடுகள் அதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்கலாம்.

குழுவின் முன் போகும்போது அடையாள அட்டை, வயதுச் சான்று, போட்டோக்களோடு போர்டையும் எடுத்துப் போங்கள். யார் காப்பாளராக இருக்கப் போகிறார் என்று வீட்டிலேயே அவர்களுடைய போட்டோக்களை வைத்து அவனிடம் பல நாள் பேசிவிட்டுப் போங்கள். கேள்வியை அவனிடமும் கேட்கச் சொல்லுங்கள், பத்து எண்ணும்வரை அதிகாரியையும் காத்திருக்கச் சொல்லுங்கள்.